யாருக்குக் காய்ச்சல்?

(புங்குடுதீவு இறுப்பிட்டியில் நடந்த ஊர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலைக்குப் போகிற பெற்றோரின் களைப்பும் வேலை கொடுப்போரின் கடமையும் என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது ஒரு பெரியவர் என்னைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, தலைப்பு நல்லாத்தான் இருக்கு. எங்கட ஊரில வேலை குடுக்கிறவன் ஆர்? அவனைக் காட்டிப்போட்டுப் பேசும்" என்றார். நியாயமான கேள்வி. தொழிற்சாலைப் புகைக்குழாய் ஒன்றும் இந்தத் தீவில் இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ஆள் அரசாங்கம்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பிரதேச சபை. அடுத்தது கடையும் கூட்டுறவும் வங்கிக் கிளையும். அடுத்தது கடல்சார்ந்த தொழில்: படகு முதலாளி, மீன் வாடி, நண்டுக் கொம்பனி. கடைசி ஆட்கள் இந்த மண்டபத்தின் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஊருக்கு லீவில் வந்திருக்கிற நீங்கள்தான். பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கிறீர்கள், ரொறன்ரோவில் உணவகம் நடத்துகிறீர்கள், சுவிஸில் துப்புரவு ஒப்பந்தம் எடுக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்கிறவர்களும் பிள்ளை வளர்ப்பவர்கள்தான். ஆகவே இன்று பேசப்போவது மற்றவனைப் பற்றி என்று யாரும் சாய்ந்து உட்கார வேண்டாம்.

முதலில் எந்தக் களைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மாரடித்தால் வருகிற அலுப்பு இரவு நித்திரை கொண்டால் போய்விடும். இது அப்படிப் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று வரையறுத்தது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. மூன்று அடையாளம் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போதல், செய்கிற வேலையில் பற்று விட்டுப்போதல், என்ன செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம். பெற்றோருக்கு இதே மூன்றும் வீட்டிலேயும் வரும். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் ஒரு கணம் திரும்பிப் பார்க்கவே மனம் வராது. பிறகு அதை நினைத்து அழுகை வரும். வீட்டில் இப்படி, வேலையில் அப்படி என்றால் அந்த மனிசருக்கு ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடையாது.

பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகொலாய்சாக் என்ற இருவர் பெற்றோர் களைப்பைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். 42 நாடுகளில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் கேட்டு எடுத்த முடிவை 2021 இல் வெளியிட்டார்கள். தனிக்குடும்பமும் தனிமனிதப் போக்கும் மிகுந்த மேற்கு நாடுகளில்தான் இந்தக் களைப்பு அதிகம் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2024 இல் இதற்கென்றே ஓர் அறிவுறுத்தல் விட்டார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் இருக்கிறது என்று அங்கே பெற்றோரில் 48 வீதமானோர் சொல்கிறார்கள், மற்ற வளர்ந்தவர்களில் 26 வீதமானோர்.

இதைக் கேட்டதும், "பாத்தியளோ, எங்கட சமுதாயத்தில அந்தப் பிரச்சினை இல்லை, எங்களுக்கு அம்மம்மா இருக்கிறா, அப்பம்மா இருக்கிறா" என்று நெஞ்சை நிமிர்த்தத் தோன்றும். அம்மம்மா எங்கே இருக்கிறா? நான் சொல்லத் தேவையில்லை. 1991 இடப்பெயர்வோடு இந்தத் தீவு கலைந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போனவர் பாதி, வன்னிக்கும் கொழும்புக்கும் போனவர் கொஞ்சம், கடல் கடந்தவர் மிச்சம். திரும்பி வந்து குடியிருப்பவர்களின் வளவைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடு, கிணற்றுக்குள் ஆலமரம். முன்னர் வேலியில் ஒரு பொட்டு இருக்கும், அதற்குள்ளால் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுத் தாய் சந்தைக்குப் போய் வருவாள். இப்போது வேலி இருக்கிறது. பொட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

அம்மம்மா கனடாவில். 2011 இல் கனடா சூப்பர் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெற்றோரும் பேரன் பேத்தி கண்டவர்களும் நீண்ட காலம் போய்த் தங்கலாம். 2022 இலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை நிற்கலாம். போகிற அம்மம்மா அங்கே என்ன செய்கிறா? விடிய எழும்பி இரண்டு பேரப்பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பஸ் வரும்வரை பனிக்குள் நின்று ஏற்றிவிட்டு, திரும்பி வந்து சமைக்கிறா. மகளும் மருமகனும் ஆளுக்கொரு ஷிஃப்ற். அந்த மகளின் முதலாளி ஒரு சதமும் கொடுக்காமல் ஒரு முழுநேரப் பராமரிப்பாளரைப் பெற்றுக்கொள்கிறார். அவருடைய கணக்குப் புத்தகத்தில் எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு வரி கிடையாது. இங்கே இறுப்பிட்டியில் நிற்கிற மற்ற மகள் கைக்குழந்தையோடு வேலைக்கு எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள். மேற்கு நாட்டுத் தனிமை எங்களுக்கு வந்துவிட்டது. அங்கே அதற்கு மாற்றாக இருக்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ லீவோ வரவில்லை.

புங்குடுதீவார் வியாபாரத்துக்குப் பேர் போனவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை, மொத்த வியாபாரம் என்று ஒரு தலைமுறையே கொடிகட்டிப் பறந்தது. அந்தக் கடைகளில் வேலை கொடுத்தவனும் ஊரான், வேலை செய்தவனும் ஊரான். கடை மேல்மாடியிலே பாய் விரித்துப் படுப்பு, கடையிலேயே சாப்பாடு. வருடத்தில் ஒரு தரம் கோயில் திருவிழாவுக்கு லீவு. மனிசி ஊரில் பிள்ளைகளோடு. பல பேருக்குத் தகப்பன் என்றால் மணியோடரும் திருவிழாவுக்கு வருகிற ஒரு பெட்டியும்தான். அந்த முதலாளிமாரில் நல்லவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "உன்ர மூத்தவளுக்கு எத்தினை வயது? காது குத்தியாச்சோ?" என்று கேட்பார்கள். பிள்ளைக்கு வருத்தம் என்று தந்தி வந்தால் கையில் காசைக் கொடுத்து மெயில் ரெயிலில் ஏற்றிவிடுவார்கள். இன்றைய மனிதவள அதிகாரி ஒருவருக்கும் அந்த அளவுக்கு வேலையாளின் குடும்பம் தெரியாது.

ஆனால் அதில் ஒரு குறை. முதலாளிக்கு மனம் இருந்தால் லீவு, மனம் இல்லாவிட்டால் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். நல்ல நாள் பார்த்து, கல்லா நிரம்பிய நேரம் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு கேட்க வேண்டும். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. நான் தொழிலாளர் முறைப்பாடுகளைக் கேட்டுக்கொண்டு பல காலம் இருந்தவன். வேலையாட்களை ஒடித்துப்போடுவது வேலையின் பாரத்தைவிடக் கூடுதலாக இந்தக் கெஞ்சல்தான் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பெற்றவர் பிள்ளைக்காக எடுக்கிற நேரத்தைப் பிச்சையாக வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிச்சையை எழுதப்பட்ட விதியாக்கினால் பாதிக் களைப்பு அன்றைக்கே இறங்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கு விளக்கம்.

தீவகக் கல்வி வலயத்தை எடுங்கள். ஆசிரியைமாரில் கனபேர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி தாண்டி இங்கே வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நயினாதீவுப் பள்ளிக்கூடம் என்றால் குறிகாட்டுவானில் இறங்கி வள்ளமும் ஏற வேண்டும். நெடுந்தீவு என்றால் அங்கேயே கிழமை முழுக்கத் தங்கல். பள்ளிக்கூடம் காலை 7.30. ஆகவே தாய் வெளிக்கிடும்போது பிள்ளை நித்திரை. வரவுப் புத்தகத்தில் 7.30 க்கு அதிபர் ஒரு சிவப்புக் கோடு கீறுவார். அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவர் பிந்தி வந்தவர். இப்போது பல இடத்தில் விரல் அடையாள மெஷின் வந்துவிட்டது. அதிபராவது கோட்டைக் கீறுவதற்கு முன்னர் வாசலை ஒருக்கால் எட்டிப் பார்ப்பார். மெஷினுக்குக் காற்று அடிக்கிறதும் தெரியாது, வள்ளம் பிந்தினதும் தெரியாது.

ஒரு ஆசிரியை என்னிடம் சொன்ன கதை. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அவருடைய மூன்று வயது மகனுக்கு இரவிரவாகக் காய்ச்சல். காலையில் அதிபருக்கு அழைப்பு எடுத்து, "சேர், எனக்குச் சரியான காய்ச்சல், இண்டைக்கு வர ஏலாது" என்றிருக்கிறார். "ஏன் ரீச்சர், பிள்ளைக்கு எண்டு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "பிள்ளைக்கு எண்டால், வீட்டில வேற ஒருத்தரும் இல்லையோ எண்டு கேப்பினம். எனக்கு எண்டால் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றார். அன்று பகல் முழுக்க அவர் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, யாராவது தன்னைக் கடைத்தெருவில் கண்டுவிடுவார்களோ என்று மருந்து வாங்கவும் போகாமல் இருந்திருக்கிறார். ஊர்ப் பெரியம்மா ஒருவர்தான் பனடோல் சிரப் வாங்கிக் கொடுத்தாராம். இப்படி எத்தனை பேர் பிள்ளையின் காய்ச்சலைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டு லீவுக் கடிதம் எழுதுகிறார்கள்! அந்த அதிபர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பதில் ஆசிரியர் இல்லை, ஒரு வகுப்பு சும்மா இருக்கும், அவர் கழுத்துக்கும் கயிறுதான்.

நோர்வேயில் இருக்கிற எங்கள் ஆட்களைக் கேளுங்கள். அங்கே தாய்க்குப் பத்து நாள், தகப்பனுக்குப் பத்து நாள், வருடத்துக்கு, பிள்ளை சுகமில்லை என்பதற்காகவே சம்பளத்தோடு. தனித்து வளர்ப்பவருக்கு இருபது. பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ என்றால் நாளும் கூடும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும் வருடம் வரை உண்டு. முதல் சில நாளுக்கு டொக்டரின் துண்டுகூட வழக்கமாகக் கேட்பதில்லை, பெற்றவர் சொன்னால் போதும். நோர்வேக்காரர் எங்களைவிடப் பாசக்காரர் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை என்றால் காய்ச்சல் வரும் என்ற சின்ன உண்மையைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

எங்கள் சட்டத்தில் என்ன இருக்கிறது? மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இலேயே வந்துவிட்டது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். அதற்கு முன்னர் மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற தாய் திரும்பி வேலைக்கு வந்த பின்னும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை எடுக்கலாம். வேலையிடத்தில் பிள்ளை பராமரிக்க இடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. இதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும். பிள்ளை வட்டுக்கோட்டையிலும் தாய் நயினாதீவிலும் என்றால் ஒரு மணித்தியாலத்தில் எந்த வள்ளத்தில் போய் வருவது? அரசாங்க உத்தியோகத்தருக்கு முழுச் சம்பளத்தில் 84, அரைச் சம்பளத்தில் 84, சம்பளமில்லாமல் 84 நாள் என்று இன்னும் நீட்டலாம். கடை, கந்தோரில் வேலை செய்பவருக்கு அந்த நீட்டல் இல்லை. அவர்களுக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் சாதாரண லீவு. பிள்ளையின் காய்ச்சலும் இதற்குள், கலியாணமும் இதற்குள், செத்தவீடும் இதற்குள்.

இன்னொன்று. அந்த 84 நாள் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்து. பல நாட்டில் இது சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து வருகிறது, எல்லா முதலாளியும் சேர்ந்து கட்டுகிற பணம். இங்கே பெண்ணை வேலைக்கு எடுத்தவன் தனியாகச் சுமக்கிறான், எடுக்காதவன் தப்புகிறான். ஆகவே நேர்முகத் தேர்வில் "கலியாணம் முடிச்சாச்சோ?" என்று கேட்கிறான். இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள் என்று வருடா வருடம் அறிக்கை வருகிறது, வருடா வருடம் கவலைப்படுகிறோம். இந்தச் செலவைப் பொது நிதிக்கு மாற்றாமல் முதலாளிக்குப் புத்தி சொல்வதில் பயன் குறைவு. இது கொழும்பில் தீர்க்க வேண்டிய விஷயம். நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தகப்பனைப் பற்றி. அரசாங்க உத்தியோகத்தருக்கு மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒன்றும் இல்லை. நோர்வேயில் 1993 இல் தகப்பனுக்கென்று நான்கு கிழமை ஒதுக்கினார்கள், அவன் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே இல்லை. இன்று அது பதினைந்து கிழமை. இந்தியாவில் மத்திய அரசு ஊழியனுக்குக்கூடப் பதினைந்து நாள். எங்கள் மூன்று நாளில் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் போய்விடும், ஒன்று பிறப்புப் பதிவுக்கு. மிச்சம் ஒன்றில் பிள்ளையைத் தூக்கிப் பழகட்டும்!

இனி நண்டுக்கு வருகிறேன். வடக்கில் நண்டுச் சதை எடுக்கிற ஆலைகளில் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவித்த நண்டைச் சின்னக் கத்தியால் பிளந்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றும் கலக்காமல் சதையை உருவ வேண்டும். ஐஸ் குளிரில் விரல் நுனி சுருங்கி வெளிறிப்போகும். அந்த வேலையை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை, காசு கிடைக்கிறது என்பார்கள். குறை வேறு. "நாளைக்கு வேலை இருக்கோ இல்லையோ எண்டு இண்டைக்குத் தெரியாது. இருந்தால் எத்தினை மணிக்கு விடுவினம் எண்டும் தெரியாது. பிள்ளையை ஆரிட்ட விடுறது எண்டு எப்பிடிச் சொல்லி வைக்கிறது?" நண்டு பட்டால்தானே வேலை, கடலுக்கு அட்டவணை போட முடியுமா என்று முதலாளி கேட்பார்.

அமெரிக்காவில் கப் (Gap) என்ற உடுப்புக்கடை நிறுவனத்தில் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவர் சரவணன் கேசவன். சான் பிரான்சிஸ்கோவிலும் சிக்காகோவிலும் 28 கடைகள். வேலை நேரத்தை இரண்டு கிழமைக்கு முன்னரே அறிவிப்பது ஒரு படி. அதற்கு மேல், சில கடைகளில் கிழமைக்குக் கிழமை வேலை நேரம் மாறாமல் பார்த்தார்கள், விற்பனையாளர் தங்களுக்குள் நேரத்தை மாற்றிக்கொள்ள விட்டார்கள், அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்ச மணித்தியாலம் உறுதிசெய்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. அந்தக் கடைகளில் விற்பனை 7 வீதம் கூடியது, ஒரு மணித்தியால வேலைக்குக் கிடைத்த பலன் 5 வீதம் கூடியது. எனக்குப் பிடித்தது வேறொரு பகுதி. வேலை நேரம் குழம்புவதற்கு வாடிக்கையாளர்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால் பெரும்பகுதிக் குழப்பம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. திடீரென்று மாற்றுகிற விற்பனைத் திட்டம், சொன்ன நாளில் வராத சரக்கு, பெரியவர் பார்வையிட வருகிறார் என்ற அமளி.

நண்டுக்காரருக்கு நான் சொல்வது: கடலை விடுங்கள். உங்கள் கையில் இருக்கிறதைச் சரிசெய்யுங்கள். கிழமைக்கு இத்தனை நாள் கூலி, நண்டு பட்டாலும் படாவிட்டாலும் நிச்சயம் என்று சொல்லுங்கள். முடிகிற நேரத்துக்கு ஒரு மேல் எல்லை போடுங்கள். வள்ளம் நிறைய வந்தால் இரண்டாவது குழுவைக் கூப்பிடுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கும் இதுவேதான். பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் என்று காலை பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் போடுகிறீர்களே, அது எந்தக் கடலில் அடித்த காற்று? இரவு பத்து மணிக்கு, "நாளைக் காலைக்குள் இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பவும்" என்று குழுவில் வருகிறது. பிள்ளையைப் படுக்கப்போட்டுவிட்டு அந்தத் தாய் ஃபோன் வெளிச்சத்தில் படிவம் நிரப்புகிறாள். தூரத்திலிருந்து வருகிற இளம் தாய்க்கு முதல் பாடத்தைக் கொடுக்காமல் நேரசூசி போடுவது அதிபரின் அதிகாரத்துக்குள் இருக்கிறது, ஒரு சதச் செலவும் இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ளவரைத் தீவு கடந்து நியமிக்காமல் விடுவதும் முடியாத காரியமல்ல. அந்த இடத்துக்கு வேறு ஆள் வேண்டும் என்பது உண்மை. இந்தத் தீவின் பிள்ளைகளுக்கும் ரீச்சர் வேண்டும். அதற்குக் கூடுதல் கொடுப்பனவும், கட்டாயச் சேவை முடிந்ததும் தாமதமில்லாத இடமாற்றமும் கொடுங்கள், விரும்பி வருவார்கள்.

யோகா வகுப்பு வைக்கிறோம், மன அழுத்தம் குறைக்கக் கருத்தரங்கு வைக்கிறோம் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. நல்லது. ஆனால் அதைச் சனிக்கிழமை வைக்காதீர்கள். மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு ஒரே நிறச் சேலை கட்டி, கேக் வெட்டி, படம் எடுப்பதும் வேண்டும் என்றால் செய்யுங்கள். அந்தப் படத்துக்காக அன்று அரை மணித்தியாலம் பிந்தி வீடு போன தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

முன்வரிசைக்கு இரண்டு கேள்வி. உங்கள் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு, தங்கச்சிக்கு, அடுத்த கிழமை எந்த நாள் வேலை என்று இந்தக் கிழமை தெரியுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர்கள் உண்மையைச் சொல்லி லீவு எடுக்க முடியுமா? பிரான்சிலும் கனடாவிலும் சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் "எங்கட ஆள்தானே" என்று சொல்லிச் சட்டத்துக்கு வெளியே வேலை வாங்குகிற வழக்கமும் எங்களிடம் இருக்கிறது. ஊரான் என்ற உறவு சலுகை கொடுக்கவும் உதவும், உரிமையை விழுங்கவும் உதவும். பழைய கொழும்புக் கடை மேல்மாடியை லா சப்பலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடைசியாக, ஊருக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் முன்பள்ளிகள் நண்பகலோடு முடிகின்றன. வேலைக்குப் போகிற தாய்க்கு அது பள்ளிக்கூடமே தவிர உதவியில்லை. பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போக அவளால் முடியாது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைக்கிற கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்பது இங்கே இருக்கிற அவர்களுக்கே தெரியும், அவர்களும் பிள்ளை வளர்ப்பவர்கள்தான். முன்பள்ளியைப் பின்னேரம் நான்கு மணி வரை திறந்து வைக்க இரண்டு பேருக்கு முறையான சம்பளம், ஊழியர் சேமலாப நிதியோடு, ஒரு நேரச் சாப்பாடு, படுக்க ஆறேழு பாய். கட்டடம் இருக்கிறது, புதிதாகக் கட்ட வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். கோபுரத்துக்கும் தேருக்கும் அள்ளிக் கொடுக்கிற ஊர் இது. மாதாந்தம் நின்றுபோகாமல் வருகிற ஒரு தொகையைத்தான் கேட்கிறேன். ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்தினால், அதை நம்பி வேலைக்குப் போன தாய்தான் நடுத்தெருவில் நிற்பாள். ஆகவே ஐந்து வருடத்துக்கு எழுத்தில் உறுதி தரக்கூடியவர்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வலயத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரியும் இரவு பத்து மணி வட்ஸ்அப்பைப் பற்றி இப்போது பதில் சொல்ல விரும்பினால், ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன்.